எண்ணெய்க் குதத்துக்குள் ஒரு குரல்

திருகோணமலைத் தபாற்கந்தோரின் பதிவுத்தபாற் சாளரத்துக்கு முன்னால் நின்றபடி, அன்புவழிபுரத்து இளைஞன் ஒருவன் தன் கையிலிருந்த நீண்ட கடிதவுறையின் முகவரியை மும்முறை சரிபார்த்தான். உள்ளே பதினொரு தாள்களில் ஒரு சிறுகதை இருந்தது. "உள்ளுக்கு என்ன, தம்பி?" என்று அலுவலர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "கதை" என்றான். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சான்றிதழ், விண்ணப்பப் படிவம், காணி உறுதி என்ற பதில்களுக்கே பழகிப்போன சாளரம் அது. "கதையோ? அப்ப பெறுமதி ஒண்டும் போடத் தேவையில்லை" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். அவர் தம் கடமைக்குரியதைத்தான் சொன்னார். ஆயினும் அந்த வாக்கியம் அன்று முழுவதும் அவன் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது.

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் நீண்ட இடைவெளி இந்நாட்டு மாணவர் அனைவரும் அறிந்த ஒன்று. சிலர் கணினி படிக்கின்றனர். சிலர் கொழும்புக் கடைகளில் நிற்கின்றனர். அவன் மாலையில் அயற்சிறுவர்க்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்துவிட்டு இரவில் கதை எழுதினான். அன்புவழிபுரம் என்ற பெயரே கதாசிரியன் ஒருவன் யோசித்து வைத்த பெயர்போல் இருக்கிறது. ஆனால், நகரின் ஓரத்திலுள்ள அந்தக் குடியிருப்பில் கதை எழுதுவோர் எவரையும் அவன் அறிந்திருக்கவில்லை. பாடசாலை உண்டு, கோயில் உண்டு, சைக்கிள் திருத்தும் கடை உண்டு. எழுதிய கதையை எங்கே கொடுக்கலாம் என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அதிலும் அவன் எழுதியது எல்லோரும் எழுதுகின்ற வகையன்று. விஞ்ஞானக் கதை என்றும், விந்தைக் கதை என்றும், அண்மைக் காலத்தில் கனவுருப்புனைவு என்றும் பல பெயரால் வழங்கும் வகை அது. பெயர் எதுவாயினும், நடக்கவியலாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து மனிதரைப் பார்க்கும் முயற்சி எனலாம்.

கதையின் களம் சீனன்குடா. அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளிற் சென்று வரக்கூடிய தூரந்தான். பிரித்தானியர் தம் கடற்படையின் தேவைக்காக எழுப்பிய எண்ணெய்க் குதங்கள் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் எண்ணெய் கொள்ளக்கூடியது. இன்று எஞ்சியிருப்பவை 99. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றுள் ஒரு விமானம் குதமொன்றின்மீது வீழ்ந்து எரிந்ததென்பது நகரத்தில் முதியோர் முதல் சிறுவர் வரை சொல்லும் செய்தி. போருக்குப் பின்னர் பெரும்பாலான குதங்கள் பல்லாண்டுகள் வெறுமையாகவே கிடந்தன. 2022 சனவரியில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கையில் அவை 14, 24, 61 என்று பங்கிடப்பட்டபோது செய்தித்தாள்களெல்லாம் கொள்ளளவைப் பற்றியே எழுதின. அவனோ வெறுமையைப் பற்றி யோசித்தான். இவ்வளவு பெரிய வெறும் பாத்திரங்கள் எண்பது ஆண்டுகளாக எதைச் சேமித்திருக்கும்?

அவனுடைய கதையில், வெறுங்குதமொன்று ஒலியைச் சேமித்து வைத்திருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் இரும்பு காய்ந்து விரியும்போது, தான் விழுங்கிய ஒலிகளை அது ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது. முதலிலே 1942இன் அபாயச் சங்கு. பிறகு கப்பற்காரர் பாட்டு, மாடு தேடிக் காட்டுக்குள் வந்தவனின் கூவல், மழை. இவற்றைக் கேட்பவன் இரவுக் காவற்காரன் ஒருவன். நாளடைவில் அவன் ஒன்றைக் கண்டுகொள்கிறான்: ஒருமுறை வெளியே வந்த ஒலி மறுபடி வருவதில்லை. இச்செய்தி எப்படியோ பரவ, காணாமற்போன மகனைத் தேடித் திரியும் தாயொருத்தி வேலியருகே வந்து நிற்கிறாள். மகனை அவ்வழியாற் கொண்டுபோனார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குதத்தின் வாயைத் திறந்துவிடும்படி அவள் கேட்கிறாள். திறந்தால் மகனின் குரல் ஒருமுறை கேட்கலாம். அதன்பின் அது உலகில் இல்லை. திறக்காவிட்டால் அது உள்ளேயே இருக்கும். காவற்காரன் திறப்பைக் கையிலெடுப்பதோடு கதை முடிகிறது.

இக்கதை சென்றுவந்த வழியைச் சற்று விரிவாகவே சொல்லலாம். முதலில் அனுப்பிய இடத்திலிருந்து ஐந்து மாதமாக ஒரு சொல்லும் வரவில்லை. இரண்டாவது இடத்திலிருந்து ஆசிரியர் தொலைபேசியிலேயே பேசினார். அன்பான மனிதர். கதை நன்றாக இருக்கிறதென்றும், குரல் கேட்பதெல்லாம் அந்தத் தாயின் மனப்பிரமை என்று இறுதியிலே ஒரு பந்தி சேர்த்தாற் பிரசுரிக்கலாமென்றும் சொன்னார். மூன்றாவது இடம் மாணவர்க்கான அறிவியல் இதழொன்று. இரும்பில் ஒலியலை தங்காது. ஆகவே பேராசிரியர் ஒருவரையும் கருவி ஒன்றையும் கதையிற் புகுத்தினால் மாணவர்க்குப் பயன்படும் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஒருவர் விந்தையை நோயாக்கச் சொன்னார். மற்றவர் பாடமாக்கச் சொன்னார். இருவரும் கதையை ஏற்க ஆயத்தமாகவே இருந்தார்கள், அதன் உயிரை எடுத்துவிட்டு.

நான்காவது மறுப்புத்தான் அவனை வீழ்த்தியது. இலக்கியச் சந்திப்பொன்றில் கதையை வாசித்துக் காட்டினான். வாசித்து முடித்ததும் மூத்த எழுத்தாளர் ஒருவர் எழுந்து, "எங்கடை சனம் பட்டது போதாதெண்டே, தம்பி, நீ குதத்துக்குள்ளை பேயை விடுகிறாய்? நடந்ததை எழுதவே இன்னும் ஆளில்லை, நீ நடக்காததை எழுதுகிறாய்" என்று கேட்டார். சபையிற் சிலர் தலையசைத்தனர். அவனுக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதே அதற்குக் காரணம். அன்றிலிருந்து நான்கு மாதம் அவன் ஒரு வரியும் எழுதவில்லை.

மூத்தவரின் கேள்வி அவருடையது மட்டுமன்று. ஈழத்து இலக்கியத்தின் ஒரு முழுத் தலைமுறை கேட்ட கேள்வி. 1950களிலும் 60களிலும் முற்போக்கு எழுத்தாளரும், கைலாசபதி, சிவத்தம்பி போன்ற விமர்சகர்களும் யதார்த்தத்தை முன்னிறுத்திப் பேசியது வெறும் பாணிப்பற்றினால் அன்று. அதுவரை கதைக்குள் நுழையவே முடியாதிருந்த மனிதர் அவ்வழியாலேதான் நுழைந்தனர். சாதியொடுக்குமுறையை நேர்முகமாகச் சொன்ன டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய விருது பெற்றதும், மூதூரின் மணலையும் கடலையும் எழுதிய வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' அவ்விருதைப் பெற்றதும் அக்காலத்திலேயே. மண்வாசனை என்ற சொல் அன்று ஒரு வாயிலைத் திறந்தது. பின்வந்தோர் சிலர் அதே சொல்லைக்கொண்டு வேறொரு வாயிலைச் சாத்தியதற்கு முன்னோர் பொறுப்பாளிகள் ஆகார். மு. தளையசிங்கத்தைப் போல, யதார்த்தத்துக்கும் அப்பால் மனிதன் போகவேண்டிய தூரத்தைப் பற்றிச் சிந்தித்தவர்களும் அதே காலத்தில் இருந்தனர். அவர் 1973இல் முப்பத்தெட்டு வயதிலேயே மறைந்துபோனார்.

எழுதாதிருந்த மாதங்களில் அவன் வாசித்தான். நூலகத்திற் கண்டதொன்று அவனை வியப்பில் ஆழ்த்தியது. ஈழத்தில் தமிழ் நாவல் தோன்றியபோது அது யதார்த்தமாய்த் தோன்றவில்லை. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. எகிப்திலும் பிற நாடுகளிலும் நிகழும் சாகசம் அது. அடுத்து, 1891இல், 'ஊசோன் பாலந்தை கதை'. ஐரோப்பியப் பழங்கதையொன்றைத் தழுவியது. பிரிந்துபோன சகோதரர் இருவருள் ஒருவன் கரடியால் வளர்க்கப்படுகிறான். இதை எழுதிய எஸ். இன்னாசித்தம்பி திருகோணமலைக்காரர்! நான்கு ஆண்டு கழித்து, 1895இல், தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி'யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலைக்காரரே. அந்நூல் சென்னையிலே அச்சேறியது. ஆகவே, கண்ணாற் காணாததை எழுதுவதும், எழுதியதை அச்சேற்ற இடம் தேடித் தூரம் போவதும் இந்நகரத்துக்குப் புதியனவல்ல. கரடி வளர்த்த பிள்ளையை 1891இல் ஏற்றுக்கொண்ட ஊர் ஒரு குரல் வளர்த்த குதத்தை ஏற்கக்கூடாதா என்று அவன் தன் நண்பனுக்கு எழுதினான். நண்பன் ஒரு சிரிப்பை மட்டும் பதிலாக அனுப்பினான்.

இந்நகரத்துக்கும் விந்தைக் கதைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானப் புனைகதையாசிரியர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர்; 2008இல் இங்கேயே மறைந்தவர். அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடியிலே சுழியோடினர். போர்த்துக்கீசர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் அவர்கள் கடலின் அடியிற் கண்டனர். அவற்றைப் பற்றி 1957இல் வெளியான நூலிற் கிளார்க் எழுதியிருக்கிறார். விண்வெளியை எழுதியவர் திருகோணமலைக் கடலுக்குள் ஓர் இடிந்த கோயிலைப் பார்த்துக்கொண்டு மிதந்தார் என்ற காட்சியே ஒரு கதைக்குப் போதும்.

அவனைத் தேற்றியதோ வேறொரு செய்தி. கிளார்க் 1948இல் பி.பி.சி. நிறுவனம் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு 'காவலாளி' என்று பொருள்படும் தலைப்பிலே ஒரு கதை அனுப்பினார். சந்திரனில், மனிதர் தோன்றுவதற்கு முன்பே எவரோ வைத்துவிட்டுப் போன ஒரு பொருளைக் கண்டெடுக்கும் கதை. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டின் பின்னர், 1951இல், அதிகம் அறியப்படாத அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் அது வெளிவந்தது. 1968இல் வெளிவந்து சினிமாவின் வரலாற்றையே மாற்றிய '2001' என்ற படத்துக்கு வித்து அந்தக் கதைதான். மறுக்கப்பட்ட கதையெல்லாம் மகத்தானதென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது, அநேகமானவை மறுக்கத்தக்கவையே. மறுப்பு என்பது கதையின் தீர்ப்பன்று, அன்றைய மேசையின் தீர்ப்பு என்பதற்கு மட்டும் இது சாட்சி. அவனுடைய கதையிலும் காவலாளி ஒருவன் இருந்தது தற்செயல்.

இனி, எங்கே அனுப்புவது என்ற கேள்வி. ஆங்கிலத்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. விந்தைக் கதைகளுக்கென்றே சஞ்சிகைகள் பல. தொழின்முறை இதழ்கள் சொல்லொன்றுக்கு எட்டு அமெரிக்கச் சதத்துக்குக் குறையாமற் கொடுக்க வேண்டும் என்று எழுத்தாளர் சங்கம் அளவு வகுத்திருக்கிறது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர இத்தகைய இதழ்களிற் பல ஆண்டுகள் சிறுகதை எழுதிவந்தவர். 2023இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் அடுத்த ஆண்டில் நெபியூலா விருதைப் பெற்றது. இதை அறிந்தபோது, ஆங்கிலத்துக்கே போய்விடலாமா என்ற ஆசை அன்புவழிபுரத்து இளைஞனுக்கும் எழுந்தது. முதற் பந்தியை மொழிபெயர்த்தும் பார்த்தான். காவற்காரனை அந்தத் தாய் "ராசா" என்று அழைக்கும் இடத்தில் நின்றுபோனான். ஆங்கிலத்தில் அச்சொல் அரசனாகி, அந்தத் தாய் வேறு யாரோவாகிவிட்டாள்.

தமிழில் விடை சிதறிக் கிடக்கிறது. தேடுபவன் தானே பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. 1966 முதல் ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் ஜீவா தம் தோளிற் சுமந்து நடத்திய 'மல்லிகை' 2012இல் நின்றது. 2000இல் தொடங்கிய 'ஞானம்', 2007இல் தொடங்கிய 'ஜீவநதி' என்பன புதியவர்க்கு இடங்கொடுத்த சஞ்சிகைகள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் வாரவெளியீடுகள் உண்டு. அங்கே பக்கக் கட்டுப்பாடும் உண்டு. வ. ந. கிரிதரன் 2000இல் கனடாவிலிருந்து தொடங்கிய 'பதிவுகள்', 2009இல் தொடங்கிய 'சொல்வனம்' ஆகிய இணைய இதழ்களுக்குத் தபாற்செலவும் இல்லை, நாட்டெல்லையும் இல்லை. இந்த வகைக்கென்றே தமிழில் ஓர் இதழ் தோன்றியது 2018இல். 'அரூ' என்பது அதன் பெயர். 2019இலிருந்து அது அறிவியற் சிறுகதைப் போட்டிகளையும் நடத்தியது. திருகோணமலையிலேயே 2007இல் எஸ். ஆர். தனபாலசிங்கம் 'நீங்களும் எழுதலாம்' என்ற இதழைத் தொடங்கினார். அதைவிட நல்ல தலைப்பு ஓர் இதழுக்கு அமையாது. ஆனால் அது கவிதைக்குரிய இதழ்.

இவற்றைத் தேடித் திரிகையில் அவன் ஓர் உண்மையைக் கண்டான். தமிழிலே சிறந்த விந்தைக் கதைகள் விந்தைக்கென்று ஒதுக்கிய இடங்களில் வெளிவரவில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் 'கலைமகள்' என்ற குடும்பச் சஞ்சிகையிலே வந்தது. சென்னைத் தெருவிலே கடவுள் வந்து நிற்கிறார், காப்பி குடிக்கிறார். எந்த வாசகரும் மனப்பிரமை என்று விளக்கக் கேட்கவில்லை. ஏனெனில் கடவுளைத் தவிர அக்கதையில் எல்லாம் சென்னையாகவே இருக்கிறது: டிராம் வண்டி, காப்பிக் கடை, சில்லறைக் கணக்கு. நம்பமுடியாதது ஒன்றுதான், மற்ற ஒவ்வொன்றும் நாணயமாக இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் 'ஆனந்த விகடன்' வாரஇதழில் வாரந்தோறும் வந்தபோதும், யந்திர நாய் ஜீனோவை இல்லத்தரசிகள் தம் வீட்டுப் பிராணியாகவே ஏற்றனர். இடம் இல்லை என்பது பாதி உண்மை. வாசகன் மறுக்காத அளவுக்குத் தன் குதம் சீனன்குடாவில் நிற்கிறதா என்பது மறுபாதி. இதை ஒப்புக்கொள்ள அவனுக்குப் பல நாள் சென்றது. தன் கதையில் குறையிருக்கலாம் என்று எண்ணுவதிலும், உலகத்தில் இடமில்லை என்று எண்ணுவது எவருக்கும் இலகு.

வாதங்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆயினும் அவன் எழுதவில்லை. வாதம் ஒருவனைச் சபையிற் பேசவைக்கும், மேசையில் இருத்தாது. அவனை மேசையில் இருத்தியவர் அவனுடைய பெரியம்மா.

பெரியம்மாவின் மூத்த மகன் காணாமற்போனபோது அவன் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அண்ணனின் முகம் அவனுக்குச் சுவரிலுள்ள படத்தினால் மட்டுமே தெரியும். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரங்களில் அமர்ந்து போராடத் தொடங்கியபோது, திருகோணமலையில் அப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். கதையிலுள்ள தாய் யாரென்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே அவன் அக்கதையை மூன்று இடங்களுக்கு அனுப்பியும், ஒரு வளவு தள்ளியிருந்த அந்த வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மூத்த எழுத்தாளரின் சொல் அவனைச் சுட்டதும் இதனாலேதான். பேயை விடுகிறாய் என்று பெரியம்மாவும் சொல்லிவிட்டால்?

ஒரு சனிக்கிழமை மாலை அவரே கேட்டார். "நீ கதை எழுதுகிறியாம், கொம்மா சொன்னவள். என்ன கதை?" மறைக்க வழியில்லை. முற்றத்திலே வாங்கிற் குந்தியிருந்து வாசித்தான். அபாயச் சங்கு, கப்பற்பாட்டு, மழை எல்லாம் கேட்டுக்கொண்டு அவர் முருங்கையிலை ஆய்ந்தபடி இருந்தார். தாய் வேலியருகே வந்தபோது கை நின்றது. குரல் கேட்கும் இடத்தை அவன் விரைவாக வாசித்துக் கடந்தான். காவற்காரன் திறப்பை எடுத்தான். கதை முடிந்தது.

வெகுநேரம் பெரியம்மா பேசவில்லை. பிறகு, "எத்தனையாம் நம்பர்க் குதம்?" என்று கேட்டார்.

அவன் இலக்கம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"நம்பர் போடாமல் எப்பிடி அந்த மனிசி தேடிப் போவாள்? தொண்ணூத்தொன்பது கிடக்குதெண்டு நீதானே எழுதியிருக்கிறாய்" என்றார். சற்றுப் பொறுத்து, "அதோடை, 'அம்மா' எண்டு கூப்பிட்டவன் எண்டு எழுதியிருக்கிறாய். எல்லாப் பிள்ளையும் அப்பிடித்தான் கூப்பிடும். அது ஆற்றை குரலெண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்? கொண்ணன் வாசலுக்கு வரேக்கையே 'எணை, சோறு' எண்டுதான் வருவான். அம்மா எண்டு கூப்பிட்டதே இல்லை" என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். மறுபடி முருங்கையிலையை எடுத்தார்.

மூன்று ஆசிரியர்களும் ஒரு சபையும் சொல்லாததை அவர் சொன்னார். குதம் பேசுமா என்பதில் அவருக்கு ஐயம் எதுவும் இல்லை. அதை அவர் கேள்வியாகவே எடுக்கவில்லை. அவர் திருத்தியது விந்தையை அன்று, யதார்த்தத்தை. மூத்த எழுத்தாளர் கேட்டதும் ஒருவகையில் அதையேதான்: நடந்தது எங்கே? 'அம்மா' என்ற பொதுச் சொல்லில் அது இருக்கவில்லை. சோறு கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற ஒருவனில் இருந்தது.

மறுநாள் அவன் சைக்கிளிற் சீனன்குடாவுக்குப் போனான். வீதியிலிருந்து பார்க்கக்கூடியவற்றைப் பார்த்தான். இரும்பில் ஏறியிருந்த துருவின் நிறத்தையும், மேலே படர்ந்திருந்த கொடியையும் குறித்துக்கொண்டான். உச்சி வெயிலில் இரும்பு உண்மையாகவே 'டக்' என்று ஒலிக்கிறதா என்று ஒரு மணி நேரம் வேலியருகே காத்திருந்தான். ஒலித்தது, அல்லது ஒலித்ததென்று எண்ணினான். காவற்கடமையில் இருந்த ஒருவர் வந்து என்ன பார்க்கிறாய் என்று கேட்க, தடுமாறி, சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதென்று சொல்லித் தப்பினான். கதையிலுள்ள காவற்காரனுக்கு இதுவரை இல்லாத ஒரு முகம் அன்று கிடைத்தது.

மீண்டும் எழுத ஏழு வாரம் சென்றது. ஊக்கம் என்று பலரும் பேசுவது ஒரு பெருநெருப்பு என்றே அவன் முன்னர் நினைத்திருந்தான். அந்த ஏழு வாரத்தில் அவனை நடத்தியது சனிக்கிழமை. ஒவ்வொரு சனி மாலையும் பெரியம்மா முற்றத்தில் இருப்பார். இரண்டு பக்கமாவது கையில் இருக்க வேண்டும். எழுதாத ஒரு வாரம் வெறுங்கையோடு போனான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் தந்தார். அந்தத் தேநீரைக் குடிப்பது அவனுக்கு எந்த மறுப்புக் கடிதத்தையும்விடக் கடினமாயிருந்தது.

இடையிலே நண்பர் மூவர் சேர்ந்து ஒரு யோசனையும் சொன்னார்கள்: இடமில்லையென்றால் நாமே ஓர் இடத்தை உண்டாக்கினால் என்ன? 1960களின் தொடக்கத்திற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் தம் கதைகளைத் தாமே தொகுத்து 'கதைப் பூங்கா', 'விண்ணும் மண்ணும்', 'காலத்தின் குரல்கள்' என்று நூல்களாக்கினார்கள்; அவர்களுட் சிலரே பின்னர் ஈழத்தின் பெயர்பெற்ற எழுத்தாளராயினர். யோசனை நல்லது. ஆனால் முதல் இதழின் அட்டைப்படம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் நால்வரும் மூன்று கிழமை வாதாடினார்கள். கதையைப் பற்றி எவரும் பேசவில்லை. அம்முயற்சி இப்போதைக்கு ஒரு கொப்பியிலே கிடக்கிறது. கைவிடப்பட்டது என்று சொல்வதற்கில்லை.

புதிய பிரதியிற் குதத்துக்கு இலக்கம் இருந்தது. மகன் "எணை, சோறு" என்று வந்தான். காவற்காரன் திறப்பை எடுப்பதோடு கதை முடியவில்லை. இன்னும் அரைப் பக்கம் போயிற்று. திறக்க வேண்டாம் என்று தாய் சொல்லிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போகிறாள். இந்த முடிவைப் பெரியம்மாவுக்கு வாசித்தபோது, "திறந்திருக்கலாம்" என்றார் அவர். பிறகு, "இல்லை, அவள் சொன்னது சரி" என்றார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும், "திறந்திருக்கலாம்" என்றார்.

கதையை இப்போது மின்னஞ்சலில் அனுப்பலாம். ஓரிடத்துக்கு அவ்வாறே அனுப்பினான். இன்னோரிடம் தாளிலே கேட்டது. மீண்டும் அதே சாளரம், அதே அலுவலர். இம்முறை அவர் உள்ளே என்னவென்று கேட்கவில்லை, முகவரியைப் பார்த்துவிட்டு, "முந்தின கதை வந்ததோ?" என்றார்.

"இல்லை" என்றான்.

"இது வேறையோ?"

"அதே கதைதான். திருத்தி எழுதினது."

அவர் முத்திரையைக் குத்திப் பற்றுச்சீட்டைக் கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் சைக்கிளை எடுத்தான். பிரெடரிக் கோட்டை வாசலிலே மான்கள் வழக்கம்போல் வீதியை மறித்து நின்றன. அவற்றைப் பார்த்தபடி நிற்கையில், இரவு வேளையில் இம்மான்கள் கோட்டைச் சுவரில் எதையோ வாசிக்கின்றன என்று ஒரு வரி தோன்றியது. எதை வாசிக்கின்றன என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை. அன்று வியாழக்கிழமை, சனிக்கு இரண்டு நாள் இருந்தது.